பதினான்காவது கேள்வி

பத்தொன்பதாம் நம்பரைக் கூப்பிட்டாயிற்று, கையிலிருக்கும் டோக்கன் இருபத்தேழு, நடுவில் ஏழு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் நம் முறை வரப் பன்னிரண்டாகிவிடும், மொழிபெயர்ப்பு வேலை கொடுத்த பெங்களூர்க்காரிக்கு ஒரு மணிக்குள் பதில் போயாக வேண்டும் என்று ஆவுடையப்பன் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி ஹாலின் மூலையிலிருந்த தண்ணீர்க் கேன் அடிவயிற்றிலிருந்து ஒரு குமிழியை விட்டுக் ‘குபுக்’ என்றது. அவருக்கு அந்தச் சத்தம் ஆகாது. சிலருக்குப் பாத்திரம் சுரண்டுகிற சத்தம் ஆகாது இல்லையா, அதுபோல என்று விட்டிருந்தார். சட்டைப் பையில் நாலாய் மடித்த தாள். அதில் பதினெட்டுக் கேள்விகள், மருந்து சாப்பிடுகிறவர்களிடம் கேட்க வேண்டியவை, இங்கிலீஷிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர வேண்டியவை. பதினேழு முடிந்துவிட்டது. தலை சுற்றியதா, குமட்டியதா, முகம் ஊதியதா, கை நடுங்கியதா, எல்லாவற்றுக்கும் தமிழ் கூப்பிட்டவுடன் ஓடி வந்து கைகட்டி நின்றது. உடம்பு படுத்தும் பாட்டுக்கு ஆயிரம் சொல் வைத்திருக்கிற பாஷை, பதினான்காவது கேள்வியில் மட்டும் வெத்திலையை வாயில் அதக்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. யூஃபோரியா. சனியன், நாக்கில் எவ்வளவு சொகுசாக உருளுகிறது. பெரிய சந்தோஷம் என்று அகராதி. வேறொரு அகராதி, உடல்நலம் மிகுந்தது போன்ற உணர்வு என்கிறது. அதை எழுதியவன் ஒருநாளும் சந்தோஷமாக இருந்திருக்க மாட்டான். முப்பத்திரண்டு வருஷம் ஜில்லாக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஆவுடையப்பன். வெட்டுக்குத்துச் சாட்சிகளின் வாயிலிருந்து வந்ததை ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் ஜட்ஜுக்கு இங்கிலீஷில் எடுத்துக் கொடுத்தவர். பகலெல்லாம் அடுத்தவன் சொன்ன பொய்யை அப்படியே பெயர்த்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொந்தப் பொய்யை ஆரம்பிப்பார், அதில் அளவு கிடையாது. அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு சந்தோஷம் ஒன்பது நாளாக உட்காரவைத்து அடிக்கிறது.

முதலில் பேரானந்தம் என்று போட்டார். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு: இவர் தமிழில் எழுதியதை, இங்கிலீஷ் மூலத்தைப் பார்க்காத வேறொரு ஆள் திரும்ப இங்கிலீஷில் எழுதுவான். பேக் டிரான்ஸ்லேஷன் என்பார்கள். போன சாமான் அப்படியே திரும்பி வந்தால் சரி, வேறு எதுவாகவோ வந்தால் தப்பு இவருடையது. அந்த ஆள் யாரென்று இவருக்குத் தெரியக்கூடாது, இவர் யாரென்று அவனுக்குத் தெரியக்கூடாது, அதுதான் சட்டம். ஆவுடையப்பன் அவனுக்கு ஒரு மீசை வைத்திருந்தார், அதில் பாதியை எடுத்திருந்தார், கோயம்புத்தூரில் ஒரு லாட்ஜ் மாடியில் குடிவைத்து, பெண்டாட்டியை அம்மா வீட்டுக்கு அனுப்பி, அவனுக்கு மூல வியாதியும் கொடுத்திருந்தார். அப்படிப்பட்டவனுக்குத்தான் பேரானந்தம் என்பது கடவுளோடு கலப்பது என்று படும். களிப்பு என்று எழுதினால் திருவிழாக் கொண்டாட்டம் என்று திருப்பினான். மிதப்பு என்றால் தலைக்கனம். உவகை என்று ஆசையாக எழுதி அனுப்பினார், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது. கடைசியாக, அளவுக்கு மீறிய மகிழ்ச்சி. அதை ஒழுங்காகத்தான் திருப்பியிருந்தான், ஆனால் பெங்களூர்க்காரி விடவில்லை: அளவு எது, அதை யார் வைத்தது என்று நோயாளி குழம்புவாரே, தயவுசெய்து மறுபடி பார்க்கவும். தயவுசெய்தாம். அவள் அம்மாவிடம் போய்க் கேட்கட்டும் அளவு எதென்று. ஆனால் கேள்வி நியாயமானதுதான், அதுதான் எரிச்சல். அளவு எது? யாருக்குத் தெரியும்? குபுக்.

அவருக்குத் தெரியும். இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிற நாற்பது பேரில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். இடப்பக்கம் ஒரு நாற்காலி தள்ளி அவர் பெண்டாட்டி உலகம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மேலப்பாளையத்திலிருந்து வந்த மைமூன் என்ற அம்மாள், அவளுக்கும் நெஞ்சுதான் கோளாறு, இரண்டு பேரும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்துக்கொண்டார்கள், அதற்குள் மதினி மதினி என்று கூப்பிட்டு எதற்கோ கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு என்ன தெரியும், வயசான பொம்பளை, கலகலப்பான ஆத்மா என்று நினைப்பான். உலகம்மாளா கலகலப்பு! நாற்பத்தொரு வருஷம் அவர் சொன்ன ஒரு கதைக்கு அந்த முகத்தில் ஒரு கோடு அசைந்ததில்லை. அவர் கதைகளுக்குக் கோர்ட் சிரித்தது, பார் ரூம் சிரித்தது, ஒரு தடவை தூக்குத் தண்டனைக் கைதி ஒருவன் சிரித்து ஏட்டையாவிடம் திட்டு வாங்கினான். முதலைக் கதைக்குச் சிரிக்காதவன் திருநெல்வேலியில் உண்டா? சேரன்மாதேவியிலிருந்து ஆபீஸுக்கு வர வேண்டும், பஸ் ஸ்டிரைக், ஆற்றில் வெள்ளம், படித்துறையில் ஒரு பனங்கட்டை கிடக்கிறதே என்று அதன்மேல் உட்கார்ந்தால் அது கண்ணைத் திறந்து எங்கே போகணும் என்று கேட்கிறது. குறுக்குத்துறை என்றார். ஏறி உட்கார்ந்தவர் இருபது கிலோமீட்டர் முதலை முதுகில் வந்து, டிபன் பாக்ஸ் நனையாமல் இறங்கி, பத்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆஜர் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் அதே இடத்தில் அது காத்துக் கிடந்தது, எதிர்நீச்சல் எனக்கு ஒத்துக்காது, திரும்பறதுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கிடும் என்று சொல்லிவிட்டுப் போனது. வால் எட்டடி. பார் ரூமில் சொல்லும்போது பத்தடி. இந்தக் கதையை அவர் நூறு தடவை சொல்லியிருப்பார், நூறு தடவையும் உலகம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். விருந்தாளி முன்னால்கூட. ரசம் கொதிக்குது என்பாள். ரசம் கொதிக்கவே கொதிக்காது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நுரையீரல் சுருங்குகிறது என்று இதே ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், காலையில் சாப்பிட்டதும் நாலு, வெள்ளையாய், சின்னதாய், ஸ்டீராய்டு. ஐந்தாம் நாள் காலையில் தோசை சுட்டுக்கொண்டே பாடினாள். ஆறாம் நாள் தங்கை மாப்பிள்ளை வந்திருந்தபோது இவர் வழக்கம்போல் முதலையை ஆற்றில் விட்டார், மாப்பிள்ளை சிரித்தார், உலகம்மாள் எழுந்திருக்கவில்லை. இவர் பேச்சு ஒரு கணம் தடுமாறியது. முதலை கண்ணைத் திறந்தது, உலகம்மாள் வாயைப் பொத்தினாள். டிபன் பாக்ஸுக்கு வந்தபோது அடக்கிய சிரிப்பு உடைந்துவிட்டது. தோளெல்லாம் குலுங்க, மூச்சு முட்ட, இருங்க இருங்க என்று கையைக் காட்டிவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு ஆவுடையப்பன் தரையில் நடக்கவில்லை. அறுபத்தொன்பது வயசில் ஜெயித்தாயிற்று. வாலைப் பன்னிரண்டடி ஆக்கினால் என்ன என்று குளிக்கும்போது யோசித்தார். பழைய கதைகளை ஒவ்வொன்றாகத் தூசி தட்டி எடுத்து வைத்தார், அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள், காக்கை சாட்சி சொன்ன கதைக்கு, ஜட்ஜின் பல்செட் கதைக்கு, அந்தச் சிரிப்பு எப்படி இருக்கிறதென்று இத்தனை வருஷம் தெரியாமல் குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று இருந்தது, கொஞ்சம் கரகரப்பு, நடுவில் ஒரு விக்கல். தன் திறமை கடைசியில் கல்லைக் கரைத்தது என்று தங்கை மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி வேறு சொன்னார். அதை நினைத்தால்தான் இப்போது காது சுடுகிறது. பன்னிரண்டாம் நாள் பெங்களூரிலிருந்து பதினெட்டுக் கேள்வி வந்தது. எந்த மருந்துக்கு என்று மேலே போட்டிருந்தது. அதே வெள்ளை மாத்திரை ஜாதி. பதினான்காவது கேள்வி, யூஃபோரியா, கீழே சின்ன எழுத்தில் ஒரு விளக்கம்: காரணமில்லாத, சூழ்நிலைக்குப் பொருந்தாத பெரிய சந்தோஷம், மருந்தின் பக்கவிளைவு, டாக்டரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். காரணமில்லாத. சூழ்நிலைக்குப் பொருந்தாத. முதலை ஒரு காரணம் இல்லையா? டிபன் பாக்ஸ் சூழ்நிலை இல்லையா? மாத்திரை பண்ணின வேலைக்கு மாலையைத் தான் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் போன் பண்ணின கிழவன் வேறு எந்த ஊரிலாவது உண்டா?

இருபத்திரண்டைக் கூப்பிட்டார்கள். பையில் போன் நடுங்கியது, எடுக்கவில்லை. மாத்திரை கொடுத்த அன்றைக்கே டாக்டரம்மா சொல்லிவிட்டாள், சின்னப் பெண், எப்சிபா என்று பேர், சுகர் ஏறலாம், தூக்கம் கெடலாம், சில பேருக்கு மனசு ரொம்ப சந்தோஷமா ஆயிடும், அப்படி இருந்தா மறைக்காம சொல்லணும், டோஸை இறக்கணும், இல்லேன்னா அது வேற எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடும். இவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, ஒரு சந்தோஷ வியாதிக்காரனைக் கோர்ட்டில் பார்த்த கதையைச் சொல்லப் போய், டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். சொல்லணும். சொன்னால் மாத்திரை குறையும், மாத்திரை குறைந்தால் அவள் மறுபடி ரசத்தைப் பார்க்கப் போய்விடுவாள். சொல்லாமல் இருந்தால் என்ன? யாருக்குத் தெரியும்? நுரையீரலுக்கு மருந்து நல்லதுதானே, கூடுதலாக இரண்டு வாரம் சிரித்துவிட்டுப் போகட்டும், அறுபத்துநாலு வயசு, அவளுக்கும் ஒரு பங்கு வேண்டாமா என்று நினைத்துக்கொண்டு இருக்கும்போதே அந்த ஏணி கண்முன் வந்து நின்றது. திங்கட்கிழமை காலையில் காபியை ஊற்றி வைத்துவிட்டு அவளைக் காணோம். மொட்டை மாடிக்குப் போனால் அங்கும் இல்லை. மேலேயிருந்து குரல். தண்ணீர் டாங்க்கின் மூடிமேல் உட்கார்ந்திருந்தாள், புடவையை முழங்கால் வரை செருகிக்கொண்டு, துருப்பிடித்த இரும்பு ஏணி, பதினோரு படி, மூன்றாவது படி பிடிப்பில்லாமல் ஆடும். ஏறி வாங்க, ஆறு தெரியுது, என்றாள். காலை ஆட்டிக்கொண்டு. அவளுக்குக் கீழே ஆயிரம் லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. இவருக்கு முதல் படியில் கை வைத்தவுடன் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. தண்ணீர் உள்ளே அலம்புகிற சத்தம். கையை எடுக்கவும் முடியவில்லை, மேலே போகவும் முடியவில்லை, இறங்கு தாயி, இறங்கு, என்று கெஞ்சினார், அவளை அவர் தாயி என்று கூப்பிட்டதே கிடையாது. அவள் அதற்கும் சிரித்தாள். குபுக். அந்தக் கேனை யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன.

எப்படி இருக்கு மதினி இந்த மாத்திரை, எனக்கும் அதைத்தான் எழுதப்போறாளாம், என்று மைமூன் கேட்பது காதில் விழுந்தது. உலகம்மாள் கொஞ்சம் யோசித்தாள். “காலையில எந்திச்சா கல்யாண வீட்டுல எந்திச்ச மாதிரி இருக்கு மதினி. யாருக்குக் கல்யாணம்னு மட்டும் தெரியலை” என்றாள். ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தாளை உருவி, முழங்காலில் வைத்து, பேனா எழுதாமல் உதறி, எழுதினார்: வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லாதபோதும் கல்யாண வீட்டில் இருப்பதுபோல் உங்களுக்கு இருந்ததா? ஒன்பது நாளில் முதல் தடவையாக ஒரு வாக்கியம் எழுந்து நின்றது. இருபத்துநாலைக் கூப்பிட்டார்கள். திரும்பப் படித்தார். பாதி மீசைக்காரன் லாட்ஜ் மாடியில் இதைக் கையில் எடுப்பது தெரிந்தது. சமீபத்தில் ஏதாவது கல்யாணத்துக்குப் போனீர்களா என்று திருப்புவான் படுபாவி, பெங்களூர்க்காரி தயவுசெய்து என்று ஆரம்பிப்பாள். கோடு போட்டு அடித்தார். அடித்த கோட்டுக்குக் கீழேயும் அது பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. இவளுக்குச் சொல்லத் தெரிகிறது. மாத்திரை போட்ட வாய்க்குச் சொல் வருகிறது, பேனா பிடித்த கைக்கு வரவில்லை. அப்படியானால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, யாருடைய கல்யாணமும் இல்லை என்று தெரிந்தேதான் சிரிக்கிறாள். தெரிந்தே சிரித்தால் அது என்ன சிரிப்பு? அதில் முதலைக்கு ஒரு காலணாவாவது பங்கு உண்டா இல்லையா? இதைக் கேட்டுவிட வேண்டும். எப்படிக் கேட்பது, ஏட்டி, நீ சிரிக்கிறது எனக்கா மாத்திரைக்கா என்றா? அதற்கும் சிரிப்பாள். இருபத்தைந்து, இருபத்தாறு அடுத்தடுத்துப் போய் வந்துவிட்டார்கள், வேண்டாத நேரத்தில் சுறுசுறுப்பு. இருபத்தேழு, உலகம்மாள், என்று சிஸ்டர் கூப்பிட்டாள்.

டாக்டர் எப்சிபா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நுரையீரல் நன்றாகத் தேறியிருக்கிறது என்றாள். தூக்கம், பசி, சுகர், வீக்கம் எல்லாம் கேட்டாள், எல்லாவற்றுக்கும் உலகம்மாளே பதில் சொன்னாள், கோர்ட்டில் இப்படி ஒரு சாட்சி கிடைத்திருந்தால் கேஸ் ஒரே நாளில் முடிந்திருக்கும். அப்புறம் பேனாவை இவர் பக்கம் திருப்பினாள். வீட்டில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா ஐயா? சொல்லும்போதே அவள் உதட்டில் ஒரு சிரிப்பு தயாராக இருந்தது, கிழவர் கதைவிடுவார் என்று. “நான் சொல்லுத கதைக்கு இவ சிரிக்கா டாக்டர்” என்றார் ஆவுடையப்பன்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். “நல்லதுதானே ஐயா. எங்க வீட்ல நான் சொன்னா யாருமே சிரிக்கிறதில்லை.”

“நாப்பத்தொரு வருஷமா சிரிச்சதில்லை.”

அப்படியானால் இப்போதுதான் கதை பழுத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவள் பேனாவைத் தாளில் வைத்தாள். வைத்துவிட்டாள். இன்னும் ஒரு கணத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவாள். உண்மையைச் சொல்லியாயிற்று, ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, நம்பாதது அவள் பாடு, இவர் மேல் குற்றம் இல்லை, எந்தக் கோர்ட்டும் விட்டுவிடும். வீட்டுக்குப் போகலாம். பல்செட் கதையில் இன்னும் சொல்லாத ஒரு பாதி இருக்கிறது. மூன்றாவது படி ஆடும். கதவு இடுக்கு வழியாக ஹாலிலிருந்து அந்தச் சத்தம், அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு குமிழி. “தண்ணி டாங்க் மேல ஏறினா” என்றார் ஆவுடையப்பன். குரல் தன்னுடையதாக இல்லை. “ஏணி ஆடும். மேல உக்காந்து காலை ஆட்டுதா. பயமே இல்லை அவளுக்கு.” பேனா நின்றது. டாக்டர் சிரிப்பை மடித்து வைத்துவிட்டு உலகம்மாளைப் பார்த்தாள். ஏறினீங்களாம்மா? உலகம்மாள் இவரைப் பார்த்தாள், முகத்தில் ஒரு கோடு அசையவில்லை, அந்தப் பழைய முகம். “ஏறினேன். நாலு தடவை” என்றாள். அவர் பார்த்தது ஒரு தடவை. உட்கார்ந்திருந்த நாற்காலி கொஞ்சம் தண்ணீரில் இருப்பதுபோல் அசைந்தது. டாக்டர் நிதானமாகச் சொன்னாள், ஒரேயடியாக நிறுத்த முடியாது, பதினைந்து நாளைக்கு மூன்று, அப்புறம் இரண்டு, படிப்படியாக இறங்கும்போது மனசும் அதுவாக இறங்கிவிடும், பயப்பட வேண்டாம், மாடிக் கதவைப் பூட்டிவையுங்கள். சொல்லிக்கொண்டே சீட்டில் இங்கிலீஷில் ஒரே ஒரு சொல் எழுதிக் கோடிட்டாள். எட்டு எழுத்து. ஆவுடையப்பன் தலைகீழாகவே படித்துவிட்டார். அதை எழுத அவளுக்கு அரை விநாடி ஆனது.

ஆட்டோவில் ஏறினார்கள். உலகம்மாள் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் செருகினாள். கோள்சொல்லி என்று நினைக்கிறாளோ, நினைக்கட்டும், அவர்தான் சொன்னார், வேறு என்ன பேர். போன் மறுபடி நடுங்கி ஓய்ந்தது, மணி ஒன்று தாண்டியிருக்கும், பதினான்காவது கேள்வி காலியாகக் கிடக்கட்டும். வண்டி சுலோசனா முதலியார் பாலத்தில் ஏறியதும் அவர் வழக்கம்போல் ஆற்றைப் பார்க்காத பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். உலகம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“மொத மொதல்ல எங்கிட்ட சொன்னப்போ முதலை கிடையாது” என்றாள்.

அவர் திரும்பினார்.

“கல்யாணமாகி ஏழாம் நாளு. மத்தியானம், வெளிய மழை. சேரன்மாதேவி படித்துறையில வெள்ளம் இழுத்துட்டுப் போச்சு, ஒரு பனங்கட்டை கிடைச்சுது, ரெண்டு மணி நேரம்னு சொன்னீங்க. கட்டையைப் பிடிச்ச கை இன்னும் சரியா விரிய மாட்டேங்குதுன்னு காட்டினீங்க. அழுதீங்க. அடுத்த மாசம் எங்க அண்ணன் வந்தப்போ அது முதலை ஆயிட்டு.”

அவருக்கு ஞாபகம் இல்லை. மழை இல்லை, ஏழாம் நாள் இல்லை. முதலை கண்ணைத் திறந்ததுதான் அவருக்கு ஞாபகம், எங்கே போகணும் என்று கேட்டது. ஆனால் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மூடியது மூடியபடி இருந்தன, அவற்றுக்கு எல்லாம் ஞாபகம் இருந்ததுபோல. பாலத்துக்குக் கீழே தண்ணீர் போகிற சத்தம் இந்த இரைச்சலில் கேட்கவே முடியாது, கேட்டது.

“நீங்க முதலைன்னு சொல்லும்போதெல்லாம் எனக்குக் கட்டைதான் தெரியும். எப்படிச் சிரிக்க? அதான் எந்திச்சுப் போயிருவேன்.”

“இப்ப?” என்றார் ஆவுடையப்பன்.

“இப்ப முதலை தெரியுது” என்றாள் உலகம்மாள். அவர் கையைக் கம்பியிலிருந்து விரல் விரலாகப் பிரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “மூணு மாத்திரை இருக்க மட்டும் தெரியும்லா. சொல்லுங்க. அன்னிக்கு பஸ் ஸ்டிரைக்.”